கொள்ளைநோயும் ஐந்து சூப்பர்ஹீரோக்களும்: சிங்கப்பூரில் தனியாகத் தமிழ் காமிக்ஸ் போட்ட அனுபவம்

உயிரியல் ஆயுதம் ஒன்றால் சிங்கப்பூரில் கொள்ளைநோய் கிளம்புகிறது. ஐந்து சூப்பர்ஹீரோக்கள் சேர்ந்து அதை எதிர்கொள்கிறார்கள். நான் எழுதி, சொந்தக் காசில் படம் வரையவைத்து, அச்சடித்து வெளியிட்ட தமிழ் காமிக்ஸின் கதை இது. 64 பக்கம், முழு வண்ணம், 500 பிரதி. மொத்தத்தில் கையிலிருந்து போனது 21,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் (டாலருக்குக்) கொஞ்சம் குறைவு. அதில் 5,500 வெள்ளி ஒன்றுக்கும் உதவாமல் போனது. அலுவலகம் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்த வேலை. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணத்தைவிட என்னை வாட்டியது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததுதான். தமிழ்நாட்டில் காமிக்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஆங்கிலத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிருந்துகொண்டு தமிழில், அதுவும் சூப்பர்ஹீரோ கதையை, தனி ஆளாகப் போட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் "நல்ல முயற்சி, செய்யுங்க" என்றார்கள். எங்கே பள்ளம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து இறங்குகிறவருக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் இந்தக் கதை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2003ல் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தபோது அம்மா ஒரு மருத்துவமனையில் வார்டு துப்புரவு வேலையில் இருந்தார். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்து, தினமும் காய்ச்சல் பார்த்து எழுதச் சொன்னார்கள். அம்மா வேலை முடிந்து வரும்போது மூக்குத் தண்டின்மேல் முகக்கவசக் கம்பி அழுத்திய தடம் சிவப்பாக இருக்கும். ராத்திரி சாப்பிடும்போதும் அது போயிருக்காது. சீருடையோடு மின்தூக்கியில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிடுகிறார்கள் என்று, கொஞ்ச நாளில் சீருடையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வேறு சட்டையில் வரத் தொடங்கினார். அந்த வருடம் இங்கே 238 பேருக்கு சார்ஸ் வந்தது, 33 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள். ஆபத்து யாருக்கு அதிகமோ அவரைப் பார்த்துத்தான் ஊர் ஒதுங்கி நின்றது. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என் ஐந்து பேர் குழுவின் தலைவி, வார்டு துப்புரவாளர் கல்யாணி. ஒரு கைப்பிடியையோ மேசையையோ உள்ளங்கையால் தொட்டால், அதைக் கடைசியாக யார் யார் தொட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வந்த சக்தி அது. மற்ற எதை மாற்றினாலும் கல்யாணியை மாற்றுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

வில்லனுக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரிலேயே உயிரியல் ஆயுத ஆய்வுக்கூடம் இருந்தது. ஓகா 9420 என்று அதற்குப் பெயர். சீனாவில் கைதிகள்மேல் கிருமிச் சோதனை நடத்திய, ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவோடு சேர்ந்தது. 1942ல் தொடங்கி, அவுட்ரமில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. பின்னாளில் சிங்கப்பூரின் சமூக விவகார அமைச்சரான ஒத்மான் வோக், பதின்ம வயதில் அங்கே வேலை செய்தவர். பிடித்துவந்த எலிகளின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சிகளைப் பொறுக்கி டப்பாவில் சேர்ப்பது அங்கே பையன்களின் வேலை. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லா வீட்டுப் பையன்களும் இருந்தார்கள். பிளேக்கைப் பரப்புவதற்கான தெள்ளுப்பூச்சிகள் அவை. 1991ல்தான் அவர் சொல்லி இது பத்திரிகையில் வந்தது. அந்தக் கல்லூரிக் கட்டடம் இன்னும் நிற்கிறது, சுகாதார அமைச்சு இப்போது அங்கேதான் இயங்குகிறது. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இதைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு எதுவும் படிக்க முடியவில்லை. அந்த இந்தியப் பையன்களில் தமிழ்ப் பையன்கள் எத்தனை பேரோ. அரிசிக்காகப் போன வேலை எதற்கென்று தெரிந்த பிறகு அவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசினார்களோ இல்லையோ. என் குழுவின் இரண்டாவது ஆள் ரவி அப்படி ஒரு பையனின் பேரன். அவன் சக்தி வேகம். புளோக்கின் முதல் மாடியிலிருந்து இருபத்தைந்தாவது மாடிக்கு இமைப்பதற்குள் ஏறுவான்.

இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்கள், எந்தக் கிருமி என்பதைக் கதைக்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கதை எத்தனை நாளில் நடக்கும், யார் யார் பக்கத்தில் போகலாம், எப்போது சாவு வரும் என்பதையெல்லாம் கிருமிதான் தீர்மானிக்கும். எனக்கு முதலில் ஆந்த்ராக்ஸ்தான் மனதில் இருந்தது. 2001ல் அமெரிக்காவில் கடிதங்களில் தூளாக வந்து 5 பேரைக் கொன்றது, இன்னும் 17 பேரை நோயில் தள்ளியது. 1979ல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ராணுவக் கூடம் ஒன்றிலிருந்து கசிந்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; கெட்ட இறைச்சிதான் காரணம் என்று அரசாங்கம் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சுவழி உள்ளே போகும் ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தொற்றாத நோயை வைத்துக்கொண்டு, பரவலைத் தடுக்கும் கதையை எழுத முடியாது. நுரையீரலைப் பிடிக்கும் பிளேக் வேறு. இருமலில் பரவும். அறிகுறி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போனால் பிழைக்க வழி உண்டு. மருந்தே போகாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களுக்கும் ஒரு வாரம் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். இந்த 24 மணி நேரம் என் கண்ணில் பட்டதும் கதை ஓடத் தொடங்கிவிட்டது. ஹீரோக்கள் விரட்ட வேண்டியது வில்லனை இல்லை என்று புரிந்தது. காலையில் எம்ஆர்டி ரயிலில் அந்த நோயாளியின் பக்கத்தில் நின்றவர்களை, அவர்களுக்குக் காய்ச்சல் முற்றுவதற்குள் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை, ஆனால் அதிலேயே எல்லாம் இருக்கிறது.

அவுட்ரமில் புதைத்த 1942ஆம் வருடச் சாடி ஒன்று உடைவதாகத் தொடங்கலாமா என்றும் யோசித்தேன். பிளேக் கிருமி அத்தனை வருடம் தாக்குப்பிடிக்காது. ஆந்த்ராக்ஸ் தாக்குப்பிடிக்கும்: பிரிட்டிஷ்காரர்கள் 1942ல் சோதனை நடத்திய ஸ்காட்லாந்தின் குருய்னார்ட் தீவை 1986ல் ஃபார்மால்டிஹைடு ஊற்றிச் சுத்தம் செய்து, 1990ல்தான் ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். அதனால் சாடியை விட்டுவிட்டேன். இன்னொன்றிலும் உறுதியாக இருந்தேன். ஆயுதத்தை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு என் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 1975லிருந்து நடப்பில் இருக்கிறது, சிங்கப்பூரில் ஆபத்தான கிருமிகளை வைத்திருப்பதையே கட்டுப்படுத்தும் 2005ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாசகருக்குத் தேவை, அந்த நோய் வந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது. செய்முறை யாருக்கும் தேவையில்லை.

கதையை எழுதி முடித்ததும், வரைய ஆள் தேடும் முன்னால், தொற்றுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்த தாதி அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான், அதற்கு ஒரு காசும் ஆகவில்லை. தேக்காவில் டீ குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரவி புளோக் புளோக்காக ஓடி மருந்து கொடுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "ஏம்மா, இவன் இத்தனை வீட்டுக்கு ஓடுறானே, இவனுக்கு யாரு காய்ச்சல் பார்த்தது? இவனைத்தாம்மா முதல்ல பூட்டணும். இவன்தான் ஊர் முழுக்கப் பரப்பிக்கிட்டு இருப்பான்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. கதையின் உயிரே அந்த ஒரு கேள்வியில் இருந்தது. எல்லாரையும்விட வேகமாக ஓடுகிறவன் எல்லாரையும்விட வேகமாக நோயையும் கொண்டுபோவான். அன்று ராத்திரியே திருத்தினேன். ரவி நோயாளி ஒருவரைத் தூக்கிவந்ததால் ஏழு நாள் தனிமையில் இருக்க வேண்டும். ஊர் முழுவதையும் ஒரு நிமிடத்தில் சுற்றிவரக்கூடியவன் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, போனில் பேசிப் பேசியே ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். படித்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கங்களைத்தான் சொல்கிறார்கள்.

அக்கா அதோடு விடவில்லை. பலசாலி ஹீரோ ஹர்பால் ஒரு சீக்கியர். தாடியோடு என்95 முகக்கவசம் போட்டிருப்பதாக எழுதியிருந்தேன். "தாடி இருந்தா அது முகத்தோட ஒட்டாதும்மா, பக்கத்துல காத்து போகும். இந்த மாதிரி ஆளுங்களுக்கு மோட்டார் வச்சுக் காத்து ஊதுற ஹூட் இருக்கு, அதைப் போடு" என்றார். அப்புறம் உடை கழற்றுவதைப் பற்றிச் சொன்னார். பாதுகாப்பு உடையைப் போடும்போது தப்பினால் திருத்திக்கொள்ளலாம், கழற்றும்போது தப்பினால் போச்சு என்றார். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். அங்கியைச் சுருட்டிக்கொண்டே, வெளிப்பக்கம் உடம்பில் படாமல் இறக்க வேண்டும். நடுநடுவே கை சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். முகக்கவசம் கடைசி, அதுவும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு. நம் ஊர் வெயிலில், உள்ளே சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு, இதைப் பதறாமல் செய்ய வேண்டும். நான் அதை எழுந்து நின்று நடித்துக்காட்டச் சொல்லி எழுதிக்கொண்டேன். புத்தகத்தில் இரண்டு முழுப் பக்கம் வசனமே இல்லாமல் கல்யாணி உடை கழற்றுகிறாள். சண்டைக் காட்சிக்கு ஒதுக்கியிருந்த இடம் அது.

ஆகவே துறை தெரிந்த ஒருவர் படித்துப் பார்ப்பதற்கு முன் ஒரு கோடுகூட வரையச் சொல்லாதீர்கள். எழுத்தில் திருத்துவது இலவசம். வரைந்து வண்ணமும் அடித்த பக்கத்தைத் திருத்தக் காசு. டாக்டரைத்தான் தேட வேண்டும் என்று இல்லை, அந்த உடையைப் போட்டுக் கழற்றியவர் யாராக இருந்தாலும் சரி. சும்மா படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். எந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்று கேளுங்கள், விஷயம் வெளியே வரும்.

இனி பணம் போன கதை. இணையத்தில் தேடி ஓர் ஓவியக் கூடத்தைப் பிடித்தேன். வெளிநாட்டில் இருப்பது, எந்த ஊர், என்ன பெயர் என்பது இங்கே வேண்டாம். மாதிரிப் பக்கம் கண்ணைப் பறித்தது. ஒப்பந்தம் போட்டோம், இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தோம். பாதித் தொகை முன்பணம், 3,800 வெள்ளி அனுப்பினேன். சில பக்கங்களுக்குப் பென்சில் வரைவு வந்தது. அப்புறம் ஓவியருக்கு உடம்பு சரியில்லை, ஊரில் மின்சாரம் இல்லை என்று செய்தி வந்தது. அப்புறம் செய்தியும் வரவில்லை, அவர்களுடைய இணையப் பக்கமும் காணாமல் போனது. பிள்ளைகளின் விடுமுறைப் பயணத்துக்கு என்று சேர்த்த பணம் அதில் பாதி. வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரக்கணக்கில் மனதிலேயே போட்டுப் புழுங்கினேன். அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாள் உண்டு. சொன்னபோது அவர் திட்டவில்லை, "மீதியை முடி" என்றுதான் சொன்னார். அதற்கும் அழுதேன்.

சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்ளும், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. அங்கே வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளி வெளிநாட்டில் முகவரி தெரியாத ஆளாக இருந்தால் தீர்ப்பை வாங்கி என்ன செய்வது? அதனால் காப்பு, பணம் கொடுக்கும் முறையில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது முறை நான்கு நான்கு பக்கமாகப் பிரித்தேன். நான்கு பக்கம் வந்து, அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பும் என் கைக்கு வந்த பிறகு அந்த நான்குக்குப் பணம், அப்புறம்தான் அடுத்த நான்கு. ஓவியருக்கும் இது நல்லது, அவரும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: பணம் கொடுத்து வரையச் சொன்னாலே காப்புரிமை நமக்கு வந்துவிடாது. எழுத்தில் மாற்றித் தந்து கையெழுத்துப் போட்டால்தான் வரும். பக்கங்களோடு கதாபாத்திரங்களின் தோற்றமும் அதில் சேர்ந்தது என்று தனியாக ஒரு வரி எழுதிவையுங்கள். நாளைக்குக் கல்யாணியை ஒரு பையிலோ சட்டையிலோ அச்சடிக்க வேண்டும் என்றால் அந்த வரி தேவைப்படும். ஓவியரின் பெயர் அட்டையில் வரும் என்பதையும் அதே தாளில் எழுதினேன். அது அவருக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதை.

இரண்டாவதாகக் கிடைத்த தம்பி மதுரைக்காரர். பக்கத்துக்கு 130 வெள்ளி, வண்ணத்துக்கு இன்னொருவருக்கு 40 வெள்ளி. சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. முதல் நான்கு பக்கத்தில் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) தாழ்வாரம் மதுரை அபார்ட்மென்ட் மாதிரி இருந்தது, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வேறு. "அக்கா, எனக்குப் படம் அனுப்பிக்கிட்டே இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன். வாசல் கம்பிக்கதவு, அதற்கு வெளியே செருப்புத் தட்டு, பூட்டுப் போட்ட சைக்கிள், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணி, உணவங்காடியில் இடம் பிடிக்க மேசைமேல் வைத்த டிஷ்யூ பாக்கெட். மருத்துவமனைக்குள் எடுக்கவில்லை, நோயாளிகள் இருக்கும் இடம். உள்ளே எப்படி இருக்கும் என்பதைத் தாதி அக்கா தாளில் கோடு போட்டுக் காட்டினார். நோயாளி அறைக்கு முன்னால் உடை மாற்ற ஒரு சின்ன முன்னறை இருக்கும் என்பது அப்படித்தான் படத்துக்குள் வந்தது.

தமிழ் எழுத்துகளைப் படத்தில் பொருத்துவது தனி வேலை என்று எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஆங்கில காமிக்ஸின் பேச்சுக் குமிழ் அளவு தமிழுக்குப் போதாது. 'தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் குமிழின் இரண்டு பக்கமும் இடிக்கிறது. அதனால் வசனத்தை வரைவதற்கு முன்பே தமிழில் முடித்து, எத்தனை வரி என்று எண்ணிக் கொடுத்து, அதற்கேற்பக் குமிழுக்கு இடம் விட்டு வரையச் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதினால் சொல்லும் சுருங்கும், ஆளும் உயிரோடு பேசுவார்: "ரவிய ரூம்ல வச்சிருக்காங்க." மென்பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால், இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். வரைபவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் எழுத்துப் பொருத்த அதில் பழகிய ஆளையே வையுங்கள். எனக்கு 1,100 வெள்ளி ஆனது, முழுக்கத் தகும்.

இத்தனைக்கும் பிறகு அச்சகத்தில் அடி. மாதிரிப் பிரதி சரியாக இருந்தது, பார்த்துச் சம்மதம் கொடுத்தேன். 500 பிரதி பெட்டிகளில் வந்து இறங்கியது. முதல் பெட்டியைக் கத்தியால் கிழித்து ஒன்றை எடுத்துத் திறந்தால், முதல் பக்கத்திலேயே 'கொள்ளைநோய்' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. புத்தகம் முழுக்க அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. நான் சம்மதம் கொடுத்த பிறகு அச்சகத்தில் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்திருக்கிறார்கள், அதில் எழுத்துரு மாறிவிட்டது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 3,400ல் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதி 1,700 போனது போனதுதான். மறுபடி அச்சடிக்க இன்னொரு 3,400. கோப்பை அனுப்பும்போது எழுத்துகளை எல்லாம் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள், அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. திருத்துவதற்கு உயிருள்ள எழுத்தோடு ஒரு கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துத் தாள் வெளிவரும்போது நேரில் போய் நிற்க அனுமதி கேளுங்கள். நமக்குப் பதில் அங்கே தமிழ் படிக்கப்போகிறவர் யாரும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அதற்கப்புறம் நடந்தது. வெளியீட்டுக்கு முன் சிலருக்குப் படிக்கக் கொடுத்திருந்தேன். கதையில் ஒரு கட்டம்: தொலைக்காட்சியில் அவசர அறிவிப்பு, அவுட்ரம் பகுதியில் பிளேக், வீட்டிலேயே இருங்கள் என்று. பக்கத்தின் அடியில் புத்தகத்தின் பெயர் இருந்தது. யாரோ அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட, அது குடும்பக் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. என் சித்தியே எனக்கு அனுப்பி, "பிள்ளைங்கள வெளிய விடாத" என்று குரல்பதிவும் போட்டிருந்தார். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கத்தை அறிவித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள், அந்தப் பயம் இன்னும் உள்ளே இருக்கிறது. பொய்ச் செய்தி பரப்புவதற்கு எதிராக இங்கே 2019லிருந்து சட்டமும் இருக்கிறது. கை நடுங்க நடுங்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது காமிக்ஸ், முழுப் பக்கம் இதோ என்று அனுப்பினேன். விடியும்வரை தூக்கமில்லை. மறுநாள் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு வயதானவர் அதை நம்பி மருந்துக்கு வெளியே போகாமல் இருந்திருந்தால்? அந்த நினைப்பு ரொம்ப நாள் போகவில்லை. மறு அச்சுக்குப் போகும் முன் அந்தக் கட்டத்தை மாற்றி வரைந்தோம். இப்போது அறிவிப்புத் திரையின் பாதியை ஹர்பாலின் தலைப்பாகை மறைக்கிறது, தொலைக்காட்சி நிலையத்தின் பெயரும் அமைச்சின் பெயரும் கற்பனை. கொள்ளைநோய்க் கதையில் எந்தக் கட்டத்தைத் தனியே வெட்டினாலும் அது கதை என்று தெரிய வேண்டும். அரசாங்கச் சின்னம், உண்மையான அறிவிப்பின் வடிவம் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பிரதி 18 வெள்ளி. எல்லாம் விற்றாலும் 9,000தான் வரும், போட்ட பணம் வராது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பாதிக்கு மேல் விற்றிருக்கிறது. அதிகம் வாங்கியவர்கள் தாதியரும் பெற்றோரும். ஒரு தாதி தன் வார்டுக்கு என்று பத்துப் பிரதி கேட்டார், அவருக்குத் துப்புரவு ஊழியர்களுக்காக இன்னும் ஐந்து சேர்த்துக் கொடுத்தேன். சர்வதேசப் புத்தக எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் அச்சுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியைச் சட்டப்படி நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்த அன்று மனது நிறைந்திருந்தது, மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது இதழ் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874லிருந்து அங்கே தனிமை முகாம் இருந்தது, கப்பலில் வந்த நம் ஆட்களை நோய் இல்லை என்று தெரியும்வரை நிறுத்திவைத்த இடம். 32 பக்கம், கறுப்பு வெள்ளை, மதுரைத் தம்பியேதான் வரைகிறார். தீவு முகாமில் இருந்துவிட்டு வந்த தாத்தா பாட்டியின் கதை வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். வரையத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.